கட்டடம் ஏன் முறுக்கிக்கொள்கிறது?

நிலநடுக்கம் வந்தால் கட்டடம் ஆடும், அது தெரிந்ததுதான். ஆனால் சில கான்கிரீட் கட்டடங்கள் ஆடுவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். ஏன் தெரியுமா நேயர்களே? திட்டக்குடி போன்ற ஊர்களில் கடைவீதி மாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தெருப்பக்கம் முழுக்க ஷட்டர், பின்பக்கம் முழுக்கச் செங்கல் சுவர். சுவர் உள்ள பக்கம் விறைப்பாக நிற்கும். ஷட்டர் பக்கம் தாங்குவதற்குத் தூண்கள் மட்டும்தான். பூமி குலுங்கும்போது, கீல் பக்கம் நிலைத்திருக்க மறுபக்கம் வீசுகிற கதவைப்போலக் கட்டடம் திரும்பப் பார்க்கும். அந்தத் திருகல் அதிகம் வாட்டுவது தெருவோரத் தூண்களைத்தான்.

நம்ம பக்கம் என்ன பெரிய நிலநடுக்கம், நல்ல சிமெண்டும் கம்பியும் போட்டால் போதாதா என்று கேட்கலாம். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அருகே கடலில் உண்டான நடுக்கத்தைச் சென்னைவாசிகளும் உணர்ந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் குஜராத்தின் பூஜ் பகுதி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்தன. அவற்றில் பல, வண்டி நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் விட்டவை. பொருளின் தரம் அவசியம்தான். ஆனால் தூணும் சுவரும் எங்கே நிற்கின்றன என்பதும் அதே அளவு முக்கியம். கடைமுகப்பு திறந்துதான் இருக்க வேண்டும் என்றால், அதற்கேற்ப முன்தூண்களை வலுவாக வடிவமைக்க வழி உண்டு. எனவே வீடோ கடையோ, பிளான் போடும்போதே பொறியாளரிடம் கேளுங்கள்: எல்லாப் பக்கமும் விறைப்பு சமமாக இருக்கிறதா?