தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை: பெற்றோர் அறிய வேண்டியவை



நேற்று வரை முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றிய பிள்ளை, இன்று கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை. மகன் கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறான். மகள் கூப்பிட்டால் முறைக்கிறாள். "யார் கண் பட்டதோ, பிள்ளை மாறிப்போச்சு" என்று தாய் கலங்குகிறாள். "நீ செல்லம் கொடுத்துத்தான் கெடுத்தே" என்று தகப்பன் பாய்கிறார். உண்மையில் யாரும் கெடுக்கவில்லை. பிள்ளை வளர்கிறது, அவ்வளவுதான்.

வளர் இளம் பருவம் என்பது என்ன?

10 வயது முதல் 19 வயது வரை உள்ள காலமே வளர் இளம் பருவம். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் உடல் மாற்றம் தொடங்கும். அந்த வயதுக்கு முன்பே தொடங்கினாலும், அந்த வயது கடந்தும் தொடங்காவிட்டாலும், 15 வயதாகியும் பெண் வயதுக்கு வராவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உடலோடு மூளையும் மாறுகிறது. ஆசை, கோபம், அழுகை ஆகியவற்றை எழுப்பும் பகுதி முந்தி வலுப்பெறுகிறது. நல்லது கெட்டதை நிதானமாக எடைபோடும் முன்மூளைப் பகுதி முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். காளை வலுத்துவிட்டது, மூக்கணாங்கயிறு இன்னும் இறுகவில்லை. அதனால்தான் கூட்டாளிகள் உசுப்பினால் யோசிக்காமல் கிணற்றில் குதிக்கிறான்.

இந்த வயதில் தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகிறது. ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலையில் எழ முடியாதது எல்லாம் சோம்பேறித்தனம் அல்ல. இரவில் செல்போனை வேறு அறையில் வைப்பது நல்லது. பெரியவர்களும் அப்படியே செய்தால் பிள்ளை கேட்கும்.

"நான் யார்? என்னால் எதற்கு ஆகும்?" என்ற கேள்விக்கு விடை தேடுவதே இந்த வயதின் வேலை என்று மனநல அறிஞர் எரிக் எரிக்சன் 1950-ல் எழுதினார். பிள்ளை நம்மை எதிர்த்துப் பேசுவதில் பாதி இந்தத் தேடல்தான்.

வாய்விட்டுச் சொல்லாத கவலைகள்

1. நிறம், உயரம், முகப்பரு பற்றிய கூச்சம். "கருவாச்சி", "குள்ளன்" என்று கேலி செய்யாதீர்கள். உங்களுக்கு அது விளையாட்டு. பிள்ளைக்கு அது வருஷக்கணக்கில் ஆறாது.

2. மாதவிடாய் பற்றிய பயம். வயதுக்கு வருவதற்கு முன்பே தாய் மகளிடம் சொல்லிவிட வேண்டும். இது தீட்டும் அல்ல, நோயும் அல்ல. சுத்தமான நாப்கின் அல்லது துவைத்து வெயிலில் காயவைத்த துணி போதும். கீரை, பயறு, முட்டை கொடுங்கள். வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை ஆண், பெண் இருவருக்கும் அவசியம்.

3. தூக்கத்தில் விந்து வெளியாவது. இது இயற்கை. இதனால் நரம்புத் தளர்ச்சி வராது. லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். தகப்பன் ஒரு வார்த்தை சொன்னால் மகன் பயம் தெளியும்.

4. பரீட்சை பயம். தோற்றால் துணைத் தேர்வு இருக்கிறது. பிள்ளை போனால் திரும்பி வராது.

5. எதிர்பாலினரிடம் ஈர்ப்பு. கடிதமோ போனோ சிக்கியவுடன் படிப்பை நிறுத்தி அவசரக் கல்யாணம் செய்வது பெருந்தவறு. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாமல் திருமணம் குற்றம். 18-க்கு முன் கர்ப்பம் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

முதலில் நம் மனதை அறிவோம்

மகள் அரை மணி நேரம் தாமதமாக வருகிறாள். பளாரென்று ஓர் அறை விழுகிறது. அறைந்தது கோபம், ஆனால் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். என்ன ஆச்சோ, ஊர் என்ன பேசுமோ என்ற பயம். பிள்ளைக்குத் தெரிந்தது அறை மட்டுமே. அடுத்த முறை அவள் சீக்கிரம் வரமாட்டாள், பொய் சொல்லக் கற்றுக்கொள்வாள்.

கோபம் வரும்போது மூன்று கேள்விகளை உங்களையே கேளுங்கள்:

• எனக்கு இப்போது கோபமா, பயமா, அவமானமா?
• இவன் வயதில் நான் எப்படி இருந்தேன்?
• நான் சொல்லப்போவது பிள்ளைக்காகவா, ஊருக்காகவா?

பிறகு உள்ளதைச் சொல்லுங்கள்: "நேரமாச்சேன்னு பயந்துட்டேம்மா. இனிமே சொல்லிட்டுப் போ." கண்டிப்பு வேண்டும், அடியும் வசவும் வேண்டாம். எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று கணவனும் மனைவியும் தனியே பேசி ஒரே முடிவாகச் சொல்லுங்கள். பிள்ளை முன்னால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளைகளும் இதே போல, "எனக்கு இப்ப என்ன தோணுது, ஏன் தோணுது?" என்று கேட்டுப் பழகட்டும்.

உடனே உதவி தேட வேண்டிய அறிகுறிகள்

இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாத சோகம், சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது, கையைக் கீறிக்கொள்வது, குடி, புகையிலை. "செத்துப்போறேன்" என்று பிள்ளை சொன்னால் "சும்மா மிரட்டுறான்" என்று விட்டுவிடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வளராது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை எப்போதும் பூட்டி வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

மந்திரிக்கப் போய் நாள் கடத்த வேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ கிராம சுகாதார செவிலியரையோ பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 அல்லது 104, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

மறவாதீர்கள்: தினமும் பத்து நிமிஷம், புத்தி சொல்லாமல், பிள்ளை பேசுவதை மட்டும் கேளுங்கள். வீட்டில் கேட்க ஆள் இருந்தால், பிள்ளை ஆபத்து வரும்போது வீட்டுக்குத்தான் ஓடி வரும்.