வீட்டு மின்சாரம் – 7: பத்துப் பிளக் வேண்டாம், இரண்டு போதும்

 கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்குடா, வாழைச்சேனை வீடுகளில் ஃபேன் இரவு பகலாகச் சுழல்கிறது. மாத முடிவில் வரும் கரண்ட் பில் மொத்தத்தைச் சொல்லுமே தவிர, எந்தப் பொருள் எவ்வளவு இழுத்தது என்று சொல்லாது. 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்த நாடு இது. பிறகு கூடிக் குறைந்தாலும், படிநிலை அமைப்பு அப்படியே நிற்கிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு மலிவு விலை. அதைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய விலை. நிலையான கட்டணமும் ஏறுகிறது. எல்லையருகே நிற்கும் குடும்பத்துக்கு ஐந்தாறு அலகு பெரிய விடயம். எதைக் குறைப்பது என்பதை மாதம் முடியும்முன் அறிய வேண்டியிருப்பது அதனால்தான்.

இதற்கு உதவுவது மின் அளவி: பிரதான மின்பெட்டிக்குள் வரும் வயரைச் சுற்றிக் கவ்வும் சிறு வளையத்தின் மூலம் அது வீடு முழுவதன் நுகர்வையும் உடனுக்குடன் கைபேசிக்கு அனுப்புகிறது. அந்த மொத்தத்திலிருந்து தனித்தனிப் பொருளைப் பிரித்தறியும் வழியை ஜோர்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். பொருள் இயங்கும்போது மொத்தம் ஒரு படி ஏறும், நின்றால் இறங்கும். படியின் உயரமே அடையாளம். கேத்தல், அயன் போன்றவற்றுக்கு இது பொருந்தும். வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் இன்வேர்ட்டர் பிரிட்ஜ் அப்படிப் படி காட்டாது. ஸ்மார்ட் பிளக் உதவுவது இங்கேதான். அது தன்னில் பூட்டிய ஒரே பொருளின் வோல்ட்டையும் ஆம்பியரையும் நேரடியாக அளக்கிறது. அந்த அளவை மொத்தத்திலிருந்து கழித்தால் மிச்சமும் தெளிவாகிவிடும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று பூட்டலாமே என்று கேட்பார்கள். கூடாது. பிளக்கும் மின்சாரம் குடிக்கிறது. ஒன்று 1 வாட் எடுத்தால் மாதத்துக்கு 0.72 அலகு, பத்துக்கு 7 அலகுக்கு மேல். 60 அலகுக் குடும்பத்தில் அது பத்தில் ஒரு பங்கைவிட அதிகம். தண்ணீர் மோட்டர் போன்ற பெரிய சுமைகளைச் சாதாரணப் பிளக்கில் பூட்டுவது ஆபத்து. கூரை ஃபேனையோ பிளக்கில் பூட்டவே முடியாது. இவற்றைப் போட்டு நிறுத்தி, மொத்தத்தில் வரும் வித்தியாசத்தைப் பார்த்தாலே போதும். ஆகவே இரண்டு பிளக் வாங்கி, வாரத்துக்கு வாரம் இடம் மாற்றுவதே சரி. முதல் இடம் பிரிட்ஜுக்கு. கடலோர உப்புக்காற்று அதன் வெப்பம் வெளியேற்றும் குழாய்களை அரித்துவிட்டால் கொம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். அது விட்டுவிட்டோ வேகம் மாறியோ இயங்குவதால் ஒரு மணிநேர அளவை நம்பக்கூடாது; ஒரு வாரமாவது விட்டுப் பாருங்கள்.

மீற்றரை வாசித்தால் காசு செலவில்லையே என்பது நியாயமான மறுப்பு. அளவி எதையும் தானாகச் சேமிக்காது என்பதும் உண்மைதான். மீற்றர் எச்சரிக்கும், ஆனால் காரணம் சொல்லாது. அதனால் எதையும் வாங்கும்முன் ஒரு வாரம் தினமும் காலையில் ஒரே நேரத்தில் மீற்றரை எழுதிவையுங்கள். நாளுக்கு 2 அலகுதான் 60இன் எல்லை. அதற்குள் நிற்கிறீர்களானால் இந்தக் கருவிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.