பால்வாடியில் பால் ஏது?

பெயர்ப்பலகையில் ‘குழந்தைகள் மையம்’ என்று இருக்கும். ஊர் வாயில் அது ‘பால்வாடி’. சத்துமாவும் முட்டையும் கொடுக்கிற இடமாயிற்றே, ஒரு காலத்தில் பாலும் ஊற்றியிருப்பார்கள், அதனால் வந்த பெயர் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘பால்’ என்றால் அங்கே பாலகன். ‘வாடி’ என்றால் மராத்தியில் தோப்பு, தோட்டம். சின்னக் குடியிருப்புக்கும் அதே சொல்தான். குழந்தைகளின் தோட்டம் என்று இதற்குப் பெயர் சூட்டியவர் தாராபாய் மோடக்.

மும்பைக்கு வடக்கே, குஜராத் எல்லையை ஒட்டிய கடலோரக் கிராமம் போர்டி. இன்று பால்கர் மாவட்டத்தில் இருக்கிறது. 1945இல் தாராபாய் அங்கே போனபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து மாண்டிசோரி முறையில் குழந்தைகளுக்குக் கற்பித்தவர். 1926இல் இருவருமாகத் தொடங்கிய நூதன் பால சிக்ஷண சங்கம் என்ற தொண்டு அமைப்புதான் போர்டிப் பள்ளியையும் நடத்தியது. மாண்டிசோரி அம்மையார் தம் முதல் பள்ளியை 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் திறந்தார். இந்தியாவுக்கு வந்ததும் அது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாகிவிட்டது. அதன் மரக்கட்டைகளும் மணிச்சரங்களும் விலை கூடியவை. தாராபாயை உறுத்தியது இதுதான்.

போர்டியில் அவருடன் சேர்ந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமாகி, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, பிறகு படித்து ஆசிரியையானவர். கஸ்தூர்பா அறக்கட்டளையின் பயிற்சி முகாமுக்கு வந்த இடத்தில் தாராபாயைச் சந்தித்தார். அதன் பிறகு 1992இல் இறக்கும்வரை அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை.

பள்ளி திறந்தாயிற்று, பிள்ளைகள்தான் வரவில்லை. அம்மா அப்பா பொழுது விடிந்ததும் கூலிக்குப் போய்விடுவார்கள். கொண்டு வந்து விட ஆளில்லை. சரி, நாமே போவோம் என்று ஆசிரியைகள் சேரிக்கும் குடிசைப் பகுதிக்கும் போனார்கள். யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தைப் பெருக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, நகம் வெட்டி உட்கார வைத்தால் பள்ளி தொடங்கிவிடும். எண்ணிப் பழகக் கூழாங்கல், கிளிஞ்சல், விதைகள். அடுக்கிப் பார்க்க இலை, மூங்கில் துண்டு. பிசைய ஊர்க் களிமண். முற்றத்துக்கு அங்கே ‘அங்கண்’ என்று பெயர். மையத்தில் நடந்ததை மத்திய பால்வாடி என்றும், முற்றத்தில் நடந்ததை அங்கண் பால்வாடி என்றும் பிரித்துச் சொன்னார்கள்.

அதே 1945இல்தான் அந்த வட்டாரத்து வார்லிப் பழங்குடிகள் கொத்தடிமை வேலைக்கு எதிராக எழுந்தார்கள். பின்னர் ஐம்பதுகளில் பள்ளியும் வார்லிகளைத் தேடி, தகாணுவுக்கு அருகே கோஸ்பாட் குன்றுக்குப் போனது. அங்கே முளைத்தது வேறொரு சிக்கல். ஆறேழு வயதுப் பெண் பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வா என்றார்கள். குழந்தைக் காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து ‘விகாஸ்வாடி’ ஆக்கினார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் தரையிலேயே வகுப்பு நடந்தது. கல்வி முறை என்று இதைப் பெரிய வார்த்தையில் சொல்கிறோம். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு, கிடைத்த பதிலுக்குத் தக்கபடி பள்ளியை நகர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. அது தொண்டு அமைப்புகளுக்கு மானியம் கொடுக்க, பல மாநிலங்களில் பால்வாடிகள் பெருகின. சொல்லும் கூடவே பயணித்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது, மையத்தின் பெயர் அங்கன்வாடி ஆயிற்று. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் இருக்கின்றன.

எண்ணிக்கை வளர்ந்த அளவுக்கு முற்றத்துப் பாடம் வளரவில்லை என்பது என் எண்ணம். திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வி ஒன்று மட்டுமே. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்ப்பது, தாய்மாருக்கு ஆலோசனை, பதிவேடு என்று எல்லாம் ஒரே பணியாளர் தலையில் விழுகிறது. இதில் கிளிஞ்சலை எண்ண வைக்க நேரம் எங்கே? பசித்த பிள்ளைக்குச் சோறுதான் முதல் பாடம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சோறு போட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பெற்றோரே நினைக்கும் நிலை வந்துவிட்டது. அவர்களில் கொஞ்சம் காசு புரட்ட முடிந்தவர்கள் தனியார் மழலையர் பள்ளியைத் தேடுகிறார்கள்.

அந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான் தமிழக அரசு 2019இல், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. ‘கே.ஜி.’ என்பது கிண்டர்கார்டன். ஃப்ரோபெல் 1840இல் ஜெர்மன் மொழியில் வைத்த பெயர். அதற்கும் பொருள் குழந்தைகளின் தோட்டம்தான்.