குளிர்காலத்திற்கு முன் எரிவாயு ஹீட்டரைச் சோதித்தல்

விக்டோரியாவில் பல வீடுகள் இன்னமும் எரிவாயு ஹீட்டராலேயே சூடாக்கப்படுகின்றன. மாதக்கணக்கில் தொடாத ஹீட்டரை முதற்குளிர் வந்ததும் இயக்குவோர், அது சூடு தந்தாலே நல்ல நிலையில் உள்ளதென எண்ணிவிடுகின்றனர். சூடு தருவதும் பாதுகாப்பாக எரிவதும் ஒன்றல்ல.

எரிவாயு முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. எரிவாயுக் கசிவை அதில் சேர்க்கப்பட்டுள்ள மணத்தால் அறியலாம். இந்த நச்சு வாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதனால் வரும் தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, சோர்வு ஆகியவற்றைப் பலர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று கருதுகின்றனர். வெளியே சென்றால் குறைந்து, வீடு திரும்பியதும் மீண்டும் தொடங்கும் தலைவலியைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அவ்வாறாயின் ஹீட்டரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறி மருத்துவரை நாடுவது அவசியம். எவரேனும் மயங்கினால் 000 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று சமையலறையில் உள்ளது. சில ஹீட்டர்கள் எரிவதற்குரிய காற்றை அறையிலிருந்தே எடுத்து, கழிவு வாயுவைப் புகைக்குழாய் வழியே வெளியேற்றுகின்றன. குளிருக்காகக் கதவு ஜன்னல்களை இறுக மூடிவிட்டு, தாளிப்பு வாசனை போவதற்காகப் புகை உறிஞ்சும் விசிறியையும் இயக்கினால், அறையில் காற்று குறைகிறது. அக்குறையை நிரப்பப் புகைக்குழாயிலிருந்து கழிவு வாயு வீட்டுக்குள் திரும்பக்கூடும். குளியலறை விசிறியும் இதையே செய்யும். இத்தகைய ஹீட்டர் எரியும்போது விசிறிகளைத் தவிர்ப்பது நல்லது. இயலாவிடில் ஒரு ஜன்னலையாவது சற்றுத் திறந்து வைக்க வேண்டும். சுவரில் உள்ள காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைக்கலாகாது.

ஹீட்டரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளரிடம் காட்ட வேண்டும். அவருடைய உரிம அட்டையின் பின்புறத்தில், எவ்வகை வேலைகளுக்கு அனுமதி உண்டு என்பது குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கேட்டுப் பார்ப்பது அவமதிப்பாகாது. தூசி துடைத்துச் செல்வது பராமரிப்பு அன்று. கார்பன் மோனாக்சைடு கசிகிறதா என அவர் கருவியால் அளக்க வேண்டும். எச்சரிக்கைக் கருவி பொருத்துவது பயனுடையது. ஆயினும் அது பரிசோதனைக்கு மாற்றாகாது.

வாடகை வீடாயின், 2021 மார்ச் 29 அன்றோ அதன் பின்னரோ தொடங்கிய ஒப்பந்தங்களில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை எரிவாயுப் பாதுகாப்புப் பரிசோதனை செய்விப்பது வீட்டு உரிமையாளரின் கடமை, செலவும் அவருடையதே. கடைசிப் பரிசோதனை நடந்த தேதியைக் குடியிருப்பவர் கேட்டால் அதை எழுத்தில் தர வேண்டும். எரிவாயுக் கசிவும் வீட்டு ஹீட்டர் பழுதாவதும் அவசரப் பழுதுகளாகும். உரிமையாளரோ முகவரோ உடனே நடவடிக்கை எடுக்காவிடில், குடியிருப்பவரே 2,500 டாலர் வரையிலான பழுதுபார்ப்புக்கு ஏற்பாடு செய்து, ரசீதுடன் அத்தொகையைக் கோரலாம். உரிமையாளர் அதை 7 நாட்களுக்குள் செலுத்த வேண்டும்.

கேட்டால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள் என்று அஞ்சிக் குளிரைப் பொறுத்துக்கொள்வோர் உள்ளனர். உரிமையைக் கோரியதற்குப் பழிவாங்கும் வகையில் தரப்படும் வெளியேற்ற அறிவித்தலை விக்டோரியாவின் வீகேட் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம். எனவே முகவருக்கு அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் பிரதியையும் வைத்திருப்பது நன்று. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம்.