நாணயம்னா என்ன ஸார்?

அக்கா பையன் ஏழாம் கிளாஸ். தமிழ் ஹோம்வொர்க்கில் ‘இரு பொருள் தருக’ என்று ஐந்து வார்த்தைகள். ஆறு, மாலை, திங்கள் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டான். நாலாவது வார்த்தை ‘நாணயம்’. பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“மாமா, ஒண்ணு காசு. இன்னொண்ணு?”

“நேர்மைன்னு எழுதுடா.”

எழுதினான். மறுநாள் டீச்சர் டிக் அடித்துவிட்டார். எனக்குத்தான் உறுத்தல். நான் வெறும் பி.காம்., தமிழ்ப் புலவன் இல்லை. ஆனாலும் நேர்மையும் நாணயமும் ஒன்றில்லை ஸார்!

லஞ்சம் வாங்காத தாசில்தாரை என்ன சொல்கிறோம்? நேர்மையான அதிகாரி. ‘நாணயமான தாசில்தார்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மளிகைக் கடைக்காரர், நகை ஆசாரி, சீட்டுப் பிடிக்கிற மாமி... இவர்களைத்தான் ‘நாணயமானவங்க’ என்கிறோம். வீடு விற்கிற புரோக்கர்கூட ‘நாணயமான விலை’ என்றுதான் ஆரம்பிப்பார் (முடிப்பது வேறு கதை). கொடுக்கல் வாங்கல் இருக்கிற இடத்தில்தான் இந்த வார்த்தைக்கு வேலை. நேர்மையாக இருக்க ஒரு ஆள் போதும். நாணயமாக இருக்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நடுவில் கொஞ்சம் பாக்கியும் வேண்டும்.

சரி, நம்பிக்கை? அது கொடுப்பவன் மனசில் இருப்பது. வாங்கினவனிடம் இருக்க வேண்டியது நாணயம். அதனால்தான் ‘நம்பிக்கைத் துரோகம்’ என்று ஆவேசமாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். ‘நாணயத் துரோகம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ‘நாணயம் தவறிட்டான்’ என்போம், ஏதோ படியில் கால் தவறின மாதிரி.

வடமொழியில் நாணகம் என்றால் காசு. அங்கிருந்து நம்மிடம் வந்த வார்த்தை என்கிறது அகராதி. காசுக்கு வைத்த பெயரை மனுஷனுக்கும் ஏன் வைத்தார்கள்? என் யூகம் இதுதான். வெள்ளி ரூபாய் புழங்கின நாளில் கடைக்காரர் காசை வாங்கியதும் பெட்டியில் போட மாட்டார். கல்லில் சுண்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்றால் நல்ல காசு. ‘டொக்’ என்றால், “வேற குடுங்க ஸ்வாமி.” ஆளையும் அப்படித்தானே சுண்டிப் பார்க்கிறோம்? முதலில் நூறு ரூபாய் கைமாற்று. திரும்பி வந்தால் அடுத்த தடவை ஐநூறு.

பேப்பர் ரூபாய் வந்ததும் சுண்டிப் பார்க்கிற வேலை போச்சு. அதற்குப் பதில் வாக்குறுதி வந்தது. நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்கிறார். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் இந்த உறுதிமொழி இருக்காது. அதை வெளியிடுவது மத்திய அரசு. கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. அந்த வாக்குறுதி எவ்வளவு கெட்டி என்று 2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு டி.வி. பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் ரூபாய் நோட்டு ஒரே ராத்திரியில் வெறும் ஞாபகார்த்தம். நாலணாவுக்காவது நாள் குறித்துச் சொல்லிவிட்டு, 2011 ஜூன் 30-ல் மரியாதையாக வழியனுப்பினார்கள்.

அரசாங்கத்தை விடுங்கள். என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

2014-ல் எனக்கு இருபத்தைந்து வயசு. திருவல்லிக்கேணி மேன்ஷனில் வாசம். ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பன் (பெயர் வேண்டாம்) ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸோடு வந்தான். அவன் அம்மா செய்த வத்தக்குழம்பு. பாதி சாப்பிட்ட பிறகு மெதுவாக, “மச்சான், ஒரு கையெழுத்துதான்டா” என்றான்.

ஆபீஸ் சிக்கன நாணய சங்கத்தில் அறுபதாயிரம் லோன் போடுகிறான். இரண்டு பேர் ஜாமீன் வேண்டும். (சங்கத்தின் பேரிலேயே நாணயம் இருப்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.) போட்டுக் கொடுத்தேன். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், செக்‌ஷன் 128. கடன் வாங்கினவனுக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவனுக்கும் அவ்வளவு பொறுப்பு. காலேஜில் மனப்பாடம் பண்ணி அந்தப் பேப்பரில் 68 மார்க் வாங்கினவன் நான். வத்தக்குழம்பு சட்டத்தை மறக்கடித்துவிட்டது!

மாசம் 2,500 வீதம் 24 தவணை. எட்டு மாசம் கட்டினான். 2015 ஏப்ரலில் அவன் ஸீட் காலி. வேலையை விட்டு வெளியூர் போய்விட்டான். போன் ‘ஸ்விட்ச் ஆஃப்’. அப்புறம் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’. பாக்கி நாற்பதாயிரம், இரண்டு ஜாமீன்தாரர்களுக்கும் சரி பாதி. என் சம்பளச் சீட்டில் பிடித்தம் 1,250, பதினாறு மாசம். வட்டி தனி.

அந்தப் பதினாறு மாசமும் ஆபீஸ் கேன்டீனில் நான் நடத்திய பிரசங்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். தலைப்பு: ‘நாணயம் கெட்ட நாய்கள்.’ தினசரி இரண்டு காட்சிகள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதி. மேன்ஷனுக்குக் கீழே அண்ணாச்சி கடை. சோப்பு, பிளேடு, பிஸ்கட், பழம் எல்லாம் அங்கேதான். கல்லாவுக்கு மேலே ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று போர்டு இருக்கும். கீழே ஒரு நீள நோட்டும் இருக்கும். அதில் எனக்கு ஒரு பக்கம். சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்ததும் நோட்டில் பாக்கி ஏறியது. 780 ரூபாய். ‘ஒண்ணாம் தேதி தர்றேன் அண்ணாச்சி’ என்று சொன்ன தேதி போய், அடுத்த ஒண்ணும் போனது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரூட்டை மாற்றினேன். கடை வழியாகப் போனால் பஸ் ஸ்டாப் மூணு நிமிஷம். பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றினால் பதினொரு நிமிஷம். இரண்டு மாசம் பதினொரு நிமிஷமே நடந்தேன். உடம்புக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம். சந்தில் வேகுவேகுவென்று நடக்கும்போதும் வாயில் முணுமுணுப்பு: ‘நாணயம் கெட்ட பய, போனைக்கூட எடுக்க மாட்டேங்கறான்!’

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில் மாட்டினேன். முகம் முழுக்க சோப்பு நுரை. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் பெஞ்சில் அண்ணாச்சி ‘தினத்தந்தி’ படித்துக்கொண்டிருக்கிறார். நுரையோடு எழுந்து ஓடவா முடியும்?

“என்ன தம்பி, ஊர்ல இல்லியோன்னு நெனச்சேன்.”

“இல்ல அண்ணாச்சி... கொஞ்சம் டைட்டு... அடுத்த ஒண்ணாம் தேதி...”

“துட்டு கெடக்கட்டும். இல்லேன்னா கடைக்கு வந்து, இல்ல அண்ணாச்சின்னு சொல்ல வேண்டியதுதான? எழுநூத்தி எம்பது ரூவாக்கு நான் செத்தா போயிருவேன்? நாணயம்னா துட்டு குடுக்கறது மட்டுமில்ல தம்பி. மொகம் குடுக்கணும்.”

சவரக் கத்தி என் தொண்டைக்கருகில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. கத்தி இல்லாமலிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து மூணு நிமிஷ ரூட். நூறு, நூற்றைம்பது என்று அடைத்தேன். கையில் இல்லாத வாரம் கடை வாசலில் நின்று, “இந்த வாரம் இல்ல அண்ணாச்சி” என்பேன். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை அவரே வாழைப்பழம் கொடுத்தார், அதையும் கணக்கில் எழுதிக்கொண்டு!

அந்த டிசம்பரில்தான் சென்னையில் வெள்ளம். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. பாங்க்கில் பணம் இருந்தவனும் பையில் சில்லறை இல்லாமல் நின்றான். அண்ணாச்சி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மேன்ஷன் பசங்களுக்கு பிரெட்டும் பாலும் கொடுத்தார். போர்டைப் பார்த்தால் அன்றைக்கும் ‘நாளை கடன்’தான்.

அப்புறம் எனக்குக் கல்யாணமாகி குரோம்பேட்டைக்கு வந்துவிட்டேன். நண்பன் விஷயத்தைக் கை கழுவினேன். கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் ஒரு வக்கீல் நண்பர். கட்டின ஒவ்வொரு தவணைக்கும் மூணு வருஷம் கெடு. கடைசித் தவணை 2016 ஜூலை. அதற்கும் 2019 ஜூலையோடு கெடு முடிந்தது. சட்டப்படி யாரும் அவனை ஒன்றும் கேட்க முடியாது.

2024 தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி ஒன்பதரைக்கு என் போனில் ‘டிங்’. யாரோ ஒரு ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். யாரென்று பார்த்தால்... அவன் பெயர்!

இந்தக் காலத்தில் நம்பர் சரிதானா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய் அனுப்புகிறார்களே, அது. சுண்டிப் பார்த்திருக்கிறான். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம்.

போன் அடித்தது. புது நம்பர்.

“மச்சான்... ஒரு ரூபா வந்துதா?”

“வந்துது.”

“மீதி இப்ப இல்லடா. டிசம்பர்லேர்ந்து மாசம் ஆயிரம் முடியும்னு நெனைக்கிறேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும். பயம்டா.”

ஒன்பது வருஷமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “அம்மா எப்படியிருக்காங்க?” என்று கேட்டேன். 2021-ல் தவறிவிட்டார்களாம்.

அவனுடைய பழைய நம்பரை என் போனில் அச்சில் போட முடியாத ஒரு பெயரில் சேமித்து வைத்திருந்தேன். புது நம்பரை, அவன் அப்பா அம்மா வைத்த பெயரிலேயே போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் முதல் 2025 அக்டோபர் வரை பதினொரு மாசத்தில் வரவு ஒன்பதாயிரத்து ஒரு ரூபாய். (அந்த ஒரு ரூபாயையும் கணக்கில் சேர்க்கிறேன். பி.காம். ஆயிற்றே!) இரண்டு மாசம் பணம் வரவில்லை. அந்த இரண்டு மாசமும் ஒண்ணாம் தேதி காலையிலேயே போன் வந்துவிட்டது.