ரசத்தில் மிதக்கும் நெய்

முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் செல் சவ்வை வரைந்திருக்கிறேன். மஞ்சள் சாக்பீஸில் வரிசையாகக் குண்டுத் தலைகள், ஒவ்வொரு தலைக்கும் இரண்டு வால். அதற்குக் கீழே தலைகீழாக இன்னொரு வரிசை. நடுநடுவே ஊதா நிறத்தில், உருளைக்கிழங்கைச் செருகிவைத்த மாதிரிப் புரதங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சராக இருந்தவள் நான். அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டே போடுவேன்.

ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எல்லாம் மிதந்துக்கிட்டே இருக்குங்கிறீங்களே டீச்சர், அப்ப ஒரு புரதம் தனக்கு வேண்டிய இன்னொரு புரதத்தை எப்படித் தேடிப் பிடிக்கும்?"

"மோதிக்கிட்டே இருக்கும், ஒரு நேரம் மாட்டும்டி" என்றேன். மணி அடித்துவிட்டது. அந்தப் பதில் பாதிதான் சரி என்று ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் வரைந்த படத்துக்கு மூலம் 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. அதற்குத் திரவ மொசைக் மாதிரி என்று பெயர். நம் வீட்டு மொசைக் தரையில் சில்லுகள் சிமெண்டில் இறுகிக் கிடக்கும். இதில் சில்லுகள் நீந்தும். சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருப்பது அதற்கும் முன்பே தெரிந்த சங்கதி. 1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின் மேல் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு பரப்பு வந்தது.

ஆனால் அந்தக் கொழுப்பெல்லாம் ஒரே ஜாதி இல்லை. மார்கழியில் சமையலறைக்குள் போனால் இது புரியும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து வெள்ளையாக நிற்கும், பக்கத்திலேயே கடலை எண்ணெய் ஊற்றினால் ஓடும். தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கிவைத்த விறகுபோல நெருங்கிப் படுக்கும். கடலை எண்ணெயின் வால்களில் இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் ஒரு வளைவு உண்டு. கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியுமா? செல் சவ்விலும் இந்த இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. நேரான வால் கொண்ட ஸ்பிங்கோலிப்பிடுகளின் இடுக்குகளில் கொலஸ்ட்ரால் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததும் அந்த இடம் சற்றுத் தடித்து, இறுக்கமாகும். உறைந்துவிடாது, சுற்றியிருப்பதைவிட ஒழுங்காக இருக்கும், அவ்வளவுதான். டாக்டர் சீட்டில் வில்லனாக வரும் கொலஸ்ட்ராலுக்கு இங்கே கொத்தனார் வேலை.

சூடான ரசத்தில் நெய் விட்டால் பொட்டுப் பொட்டாக மிதக்கும் அல்லவா, அப்படிச் சவ்வில் மிதக்கும் திட்டுகளைத்தான் லிப்பிட் ராஃப்ட் என்கிறார்கள். நான் தெப்பம் என்கிறேன். இந்த எண்ணத்தைப் பரப்பியவர் ஹைடல்பர்க் ஆய்வகத்தில் இருந்த ஃபின்லாந்துக்காரர் கை சைமன்ஸ். சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் உள்சுவர் செல்களுக்கு மேல்முகம் வேறு, கீழ்முகம் வேறு. இரண்டிலும் கொழுப்பின் கலவையும் வேறு. இதை யார் பிரித்து அனுப்புகிறார்கள் என்ற கேள்விக்கு, குறிப்பிட்ட கொழுப்புகள் செல்லுக்குள்ளேயே ஒன்றுகூடி, குறிப்பிட்ட புரதங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன என்று 1988இல் அவரும் வான் மீரும் சொன்னார்கள். 1997இல் எலினா இக்கோனனுடன் 'நேச்சர்' இதழில் அதைத் தெப்பமாகவே எழுதினார். சில புரதங்கள் தெப்பத்தில் ஏறும், சில ஏறாது. ஏறியவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால் சேதி சட்டென்று கைமாறும். என் கடைசி பெஞ்சுக்காரிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மீதிப் பாதி இதுதான்: கடல் முழுக்கத் தேட வேண்டாம், ஒரே தெப்பத்தில் ஏறினால் போதும்.

உடனே சண்டையும் வந்தது. அதற்குச் சில வருஷம் முன்பே, 1992இல், டெபோரா பிரவுனும் ஜான் ரோஸும் டிரைட்டன் என்ற சோப்பு போன்ற பொருளை 4 டிகிரிக் குளிரில் செல்கள்மேல் விட்டபோது, ஒரு பகுதி சவ்வு கரையாமல் மிஞ்சியது. அதில் கொலஸ்ட்ராலும் ஸ்பிங்கோலிப்பிடும் நிறைய. அதுதான் தெப்பம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். நெய்ப் பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்தவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? கரையாமல் திரண்டு நிற்பது முன்பே அப்படி இருந்ததா, குளிரும் சோப்பும் சேர்ந்து திரட்டியதா? எதிர்த்தவர்கள் கேட்டதும் இதையேதான். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

நேரில் பார்க்கலாம் என்றால், சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரின் குழு வேறு வழி பிடித்தது. ஒளிரும் மூலக்கூறுகள் சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருந்தால் ஒன்றின் ஒளியாற்றல் மற்றதற்குத் தாவும். அந்தத் தாவலை அளந்தார்கள். சவ்வின் வெளிப்பக்கத்தில் கொழுப்பு நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு வகைப் புரதத்தில் 20 முதல் 40 சதவீதம், நான்குக்கு மிகாத சிறு கூட்டங்களாக நிற்பது 2004இல் தெரிந்தது. மற்றவை தனித்தனி. தெப்பம் என்றதும் மாரியம்மன் தெப்பக்குளத்தை மனதில் வைத்திருந்த எனக்கு, நாலு பேர் பிடிக்கும் பரிசல்கூட இல்லையே என்று இருந்தது. 2009இல் ஜெர்மனியில் ஸ்டெஃபான் ஹெல் முதலானோர், ஸ்பிங்கோலிப்பிடுகள் 20 நானோமீட்டருக்கும் குறைந்த இடத்தில் சில மில்லிவினாடிகள் சிக்கிநின்று விடுபடுவதைக் கண்டார்கள்.

ரச உவமை இங்கே உடைகிறது. கிண்ணத்தை அப்படியே வைத்தால் நெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். உயிருள்ள செல்லில் அப்படி ஆவதில்லை. சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகள் வலையாக ஓடிக் கூட்டங்களைக் கூட்டுகின்றன, கலைக்கின்றன. செல்லிலிருந்து பிதுங்கிப் பிரிந்த சவ்வுக் குமிழியில் அந்த வலை கிடையாது. அதைக் குளிரவைத்தால் நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவுக்குப் பெரிய திட்டுகள் பிரிகின்றன.

இந்தக் கூட்டங்களைப் பயன்படுத்திக்கொள்ளும் வெளியாட்களும் உண்டு. காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் கொல்கத்தாவில் சம்பு நாத் தே, முயலின் குடலில் ஒரு துண்டைக் கட்டி, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை அதற்குள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடல் நீரால் உப்பியது. நச்சுதான் காரணம் என்று நிரூபணமானது. அந்த நச்சுக்கு ஐந்து கால். ஒவ்வொரு காலும் சவ்வில் ஜிஎம்1 என்ற சர்க்கரைத் தலைக் கொழுப்பு ஒன்றைப் பற்றும். பற்றியபடியே செல்லுக்குள் இறங்கி, உப்பையும் அதன் பின்னே தண்ணீரையும் குடலுக்குள் கொட்டவைக்கும்.

பிற்காலத்தில் இதே நச்சின் தீங்கில்லாத கால்களுக்கு மட்டும் நிறமூட்டி, தெப்பம் எங்கே என்று காட்டும் அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். ஐந்து காலால் ஐந்து ஜிஎம்1ஐ ஒரே இடத்துக்கு இழுக்கக்கூடியது அது. அங்கே ஏற்கெனவே கூட்டம் இருந்ததா, காட்ட வந்ததே கூட்டியதா என்று அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது.