இரத்தக் குழாயின் உட்படலமும் அதன் செய்தியும்

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை ஒரே உயிரணு அடுக்காலான மெல்லிய படலம் மூடியுள்ளது. இதனை வெறும் உறை என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட், 1980-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை இட்டுப் பார்த்தார். உட்படலம் சிதையாத துண்டு தளர்ந்தது. படலம் சுரண்டப்பட்ட துண்டு தளரவில்லை. எனவே, படலம் அனுப்பும் செய்தியே குழாயின் தசையைத் தளர்த்துகிறது என்பது புலனாயிற்று. அச்செய்தியைத் தாங்கிச் செல்வது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு எனப் பின்னர் தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சிகளுக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இவ்வாயுவுக்குப் பகையாக அமைவது ஸூப்பர் ஆக்ஸைடு. அதாவது, ஓர் எலெக்ட்ரானை மிகையாகப் பெற்ற பிராணவாயு மூலக்கூறு. உயிரணுக்களில் இது சிறிதளவு தோன்றுவது இயல்பே. அதனை அகற்றும் நொதிகளும் உள. புகையிலைப் புகை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றால் இது மிகுமாயின், நைட்ரிக் ஆக்ஸைடுடன் நொடியில் கூடிப் பெராக்ஸிநைட்ரைட் ஆகிவிடும். செய்தி தசையை அடையாது. குழாயும் வேண்டிய அளவு தளராது. அம்மட்டோ? நைட்ரிக் ஆக்ஸைடை ஆக்கும் நொதிக்குத் துணை நிற்கும் பொருளையும் பெராக்ஸிநைட்ரைட் கெடுக்கிறது. அப்போது அந்நொதியே ஸூப்பர் ஆக்ஸைடை உண்டாக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது.

வைட்டமின் மாத்திரைகள் இக்கேட்டைத் தடுக்குமெனப் பலர் எதிர்பார்த்தனர். ஆயின், 9,500-க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டு 2000-இல் முடிவு வெளியான ஹோப் என்னும் சோதனையில், வைட்டமின் ‘ஈ’ உண்டோருக்கு மாரடைப்புக் குறையவில்லை. ஆகவே, களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களிடம் வலியுறுத்தத் தக்கது மாத்திரையன்று. புகையிலையை அறவே விடுதலும், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் காலத்தே கண்டறிந்து கட்டுப்படுத்துதலுமே ஆகும்.